நிக்ஷய் மித்ரா: காசநோயாளிக்குக் கைகொடுக்க என்ன செய்ய வேண்டும்?

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். அப்புறம் வெளியாள் உதவி எதற்கு? கிருமியை மாத்திரை பார்த்துக்கொள்ளும். இளைத்துப்போன உடம்பைத் தேற்றுவது சாப்பாடுதான். வேலைக்குப் போக முடியாமல் வருமானம் நின்றுபோன வீட்டில் முதலில் குறைவதும் அதுதான்.

இதற்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில் மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். சிகிச்சை முடியும் வரை நோயாளியின் வங்கிக் கணக்குக்கே வரும். இன்றைய விலைவாசிக்கு அது மட்டும் போதாது. அதற்கு மேல் ஊர்க்காரர்களும் கைகொடுக்கலாம் என்று 2022 செப்டம்பரில் வந்த ஏற்பாடுதான் நிக்ஷய் மித்ரா.

தனி ஆள், நண்பர்கள் குழு, சங்கம், கம்பெனி, மக்கள் பிரதிநிதி என யாரும் மித்ராவாகப் பதிவு செய்யலாம். நிக்ஷய் இணையதளத்தில் பதியலாம்; இல்லையென்றால் மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்கே நேரில் போகலாம். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஒரே ஒரு நோயாளியை ஏற்றாலும் போதும்; வசதி இருந்தால் ஒரு வட்டாரத்தையே ஏற்கலாம்.

உதவி பெரும்பாலும் மாதாந்திர உணவுப் பொட்டலமாகப் போகும். பெரியவர் ஒருவருக்குப் பரிந்துரைக்கும் அளவு: அரிசி, கோதுமை அல்லது சிறுதானியம் 3 கிலோ, பருப்பு ஒன்றரை கிலோ, எண்ணெய் 250 கிராம், இவற்றோடு ஒரு கிலோ பால் பவுடர் அல்லது 6 லிட்டர் பால் அல்லது ஒரு கிலோ நிலக்கடலை. முட்டையும் சேர்க்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் இப்போது உதவலாம்; அது வீண் செலவல்ல. ஜார்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நோயாளியோடு வசிப்பவர்களுக்கும் சத்துணவு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

நோயாளி சம்மதித்தால்தான் அவர் பெயர் மித்ராவிடம் போகும். சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சையும் அரசுப் பணமும் நிற்காது. பொட்டலத்தைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு டி.பி. என்று தெரு முழுக்கத் தெரிந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்குப் போவதே சங்கடம் என்றால் சுகாதார நிலையத்தில் வைத்துக் கொடுக்க முடியுமா என்று ஊழியரிடம் கேளுங்கள்.

குறைந்தது ஆறு மாதம் உதவுவேன் என்ற உறுதியோடு வர வேண்டும்; சாதாரணக் காசநோய்க்கே சிகிச்சை ஆறு மாதம். முதல் மாதம் ஆரவாரமாகக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போகிறவரால் பிரயோஜனமில்லை. நடுவில் முடியாமல் போனால் காசநோய்ப் பிரிவு ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறொருவரைத் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும்.