கையெழுத்தை நிறுத்திய ஒரு சொல்

டெக்சாசின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஒரு கொலோனியா. தார்ச்சாலையோ கழிவுநீர்க் குழாயோ ஒழுங்காக வந்து சேராத எல்லையோரக் குடியிருப்புகளை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சர்க்கரை நோய் ஆய்வில் சேர அந்த வீட்டம்மா சம்மதித்து, பேனாவையும் கையில் எடுத்துவிட்டார். படிவத்தின் தலைப்பைப் படித்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

தலைப்பில் இருந்த சொல் 'இன்வெஸ்திகசியோன்'. ஸ்பானிய மொழியில் ஆராய்ச்சிக்கு அதுதான் சொல். போலீஸ் விசாரணைக்கும் அதேதான். ஒரே வீட்டில் பிள்ளைக்குக் குடியுரிமை இருக்கும், தாய்க்கு எந்த ஆவணமும் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்று, அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் தயாரித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னுடன் வந்திருந்தவர் ஒரு ப்ரோமோட்டோரா, அதாவது அதே தெருக்களில் வாழ்ந்துகொண்டே வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர். அவர் படிவத்தைத் தொடவே இல்லை. அந்த அம்மாவின் தாயாருக்குக் கால் எடுத்த கதையைக் கால் மணி நேரம் கேட்டார். பிறகுதான், "இது எஸ்தூதியோ" என்றார். படிப்பு என்று பொருள். தகவல் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று விரல் விட்டுச் சொன்னார். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2017 முதல் ரகசியக் காப்புச் சான்று தானாகவே உண்டு; ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை நீதிமன்ற வழக்கில் கேட்டாலும், உரியவரின் சம்மதமின்றித் தரக்கூடாது. எங்கள் படிவத்திலும் இது இருந்தது, நான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

மறுவாரம் கேள்வித்தாளையும் அவர் பிரித்துப் போட்டார். 'வீட்டில் எத்தனை பேர்?' என்பது முதல் கேள்வியாக இருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளினார். நோய் வந்த காரணங்களின் பட்டியலில் 'சுஸ்தோ' இல்லையே என்றார். திடீர் அதிர்ச்சியில் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்பது மெக்சிகோ வழிக் குடும்பங்களில் பரவலான நம்பிக்கை. நம் ஊரிலும் கேட்ட பேச்சுதானே! மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்கிவிட்டால், அவர்கள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். தாளில் எழுதுவதற்குத் தகவல் கிடைக்கும், ஆனால் அது உண்மையாக இருக்காது.

எல்லாம் இனிமையாக முடிந்துவிடவில்லை. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை நோயைச் சமாளிக்கும் வகுப்பு, மறு பிரிவினருக்கு இல்லை என்று, இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பிரித்திருந்தோம். வகுப்பில்லாத பக்கத்து வீட்டுக்காரியிடமும் ப்ரோமோட்டோரா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். ஒப்பீடே கெட்டுவிடுமே என்று எனக்குக் கோபம் வந்தது. "அவள் தினமும் என் வீட்டுக்கு வருபவள், வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உண்மையில் தவறு எங்கள் திட்டத்தில்தான் இருந்தது. அதே எல்லைப் பகுதியில் ஸ்டார் கவுண்டியில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, 256 பேரைப் பிரித்தபோது, மறு பிரிவினரை ஓராண்டு காத்திருப்பில் வைத்தது. ஸ்பானிய மொழி அறிந்த செவிலியர்களோடு உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களும் பாடம் நடத்தினார்கள். ஆறாம் மாதத்தில் வகுப்புக்கு வந்தவர்களின் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரி, காத்திருந்தவர்களைவிட 1.4 சதவீதப் புள்ளி குறைவு. 'உனக்கும் உண்டு, அடுத்த ஆண்டு' என்று சொல்ல முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கலாம்.

ப்ரோமோட்டோராக்களுக்குச் சான்றிதழ் வழங்க 1999இலேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம் டெக்சாஸ். ஆனாலும் நான் பார்த்த பல ஆய்வுத் திட்டங்களில் ப்ரோமோட்டோராவின் ஊதியம் 'இதர செலவு' என்ற வரியில்தான் ஒளிந்திருக்கிறது. நிதி தீர்ந்த அன்றே வேலையும் தீர்கிறது. முடிவுகள் ஆங்கில இதழில் வருகின்றன. அந்தத் தெருவுக்கு ஒரு தாளும் வருவதில்லை. "என் ரத்தம் என்ன ஆயிற்று?" என்ற கேள்விக்குக் கடைத்தெருவில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் ப்ரோமோட்டோரா.

சென்ற மாதம் புதிய ஆய்வுக்கு முதல் கூட்டம். கேள்வித்தாளில் ஒரு வரிகூட எழுதாமல், கூலி கொடுத்து, நான்கு ப்ரோமோட்டோராக்களை அழைத்தோம். முதல் அரை மணி நேரம் அவர்கள் பேசியது சர்க்கரை நோயைப் பற்றி அல்ல, மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும் கிளினிக்கைப் பற்றி. எங்கள் ஆய்வுக் கேள்வி இப்போது அதுதான்.