டம்ப்ளிங், மோமோ, கொழுக்கட்டை: ஒரு சொல் விளக்கம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுப் பசியோடு வருகிறவர்கள் கூடும் சிறிய சீன உணவுக்கடை ஒன்றில், சுவரில் மாட்டிய விலைப்பலகை, மாவுத் தகட்டில் உள்ளீடு வைத்து மடித்து வேகவைத்த ஒரே பண்டத்தைப் பல பெயர்களில் அழைக்கிறது. ஒரு வரியில் ‘டம்ப்ளிங்’, அதற்குக் கீழே எழுத்துப் பிசகி ‘டம்லிங்’, அடுத்து ‘மோமோஸ்’, கடைசியில் ‘டிம்சம்’. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே உட்கார இடம் கிடைப்பது அரிது. சாப்பிட்டவர் கை கழுவ எழுந்ததும் அடுத்தவர் அந்த நாற்காலியில் பையை வைத்துவிடுவார். அப்படி இடம் பிடித்து உட்கார்ந்த ஒரு மாலையில், அதே மேசையில் ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். பரிமாறும் பையன் வந்து “ஸ்டீமா, ஃப்ரையா?” என்று கேட்டான். பேத்தி வாய் திறக்கும் முன்பே பாட்டி, “அவிச்சதே ரெண்டு பிளேட்டு குடுப்பா” என்றார். தட்டு வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், “கொசுவம் எவ்ளோ அழகா வெச்சிருக்கான் பாரு” என்று பேத்தியிடம் காட்டினார்.

அவித்தல், கொசுவம் என்னும் இரண்டு சொற்களையும் அந்த அம்மாள் எந்த அகராதியையும் புரட்டிக் கண்டுபிடிக்கவில்லை. அவை நாவில் இருந்தன, வந்தன. டம்ப்ளிங் என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த மேசைதான் என்பது என் எண்ணம்.

முதலில் டம்ப்ளிங் என்னும் சொல்லையே பார்ப்போம். ஆங்கில எழுத்தில் இச்சொல் 1600-ஐ ஒட்டிக் காணப்படத் தொடங்குகிறது. இறுதியில் உள்ள ‘லிங்’ சிறுமையைக் குறிக்கும் விகுதி; முற்பகுதியைக் கட்டி, திரள் என்னும் பொருளோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம். அன்றைய ஆங்கிலேயருக்கு டம்ப்ளிங் என்பது உள்ளே எதுவும் வைக்காத மாவுக்கட்டி. கொதிநீரிலோ இறைச்சிக் குழம்பிலோ போட்டு வேகவைத்து உண்பது. ஆப்பிள் போன்ற பழத்தை மாவில் பொதிந்து வேகவைப்பதும் பின்னர் அப்பெயரையே பெற்றது. சீனரின் உணவைக் கண்டபோது ஆங்கிலம் பேசுவோர் புதுச்சொல் படைக்கவில்லை, சீனச்சொல்லையும் எடுத்துக்கொள்ளவில்லை. தம் வீட்டு அடுப்பில் பழகிய சொல்லையே அதன்மேல் வைத்தார்கள். ஆகவே டம்ப்ளிங் என்பது சீன உணவின் பெயரன்று, அவ்வுணவுக்கு ஆங்கிலேயர் செய்துகொண்ட மொழிபெயர்ப்பு. நாம் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும்போது, சீனரிடமிருந்து பெயரையும் வாங்கவில்லை, ஆங்கிலேயர் செய்ததுபோல் நம் வீட்டுச் சொல்லையும் வைக்கவில்லை. இன்னொருவருடைய மொழிபெயர்ப்பை இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். எனக்குள்ள குறை இது ஒன்றுதான்.

சீனத்தில் இவை அனைத்துக்கும் பொதுவான ஒரே பெயர் கிடையாது. மெல்லிய கோதுமைமாவுத் தகட்டில் இறைச்சியோ கீரையோ வைத்துப் பிறைபோல் மடித்து விளிம்பை ஒட்டியது ஜியாவ்ஸி. இதைப் பெரும்பாலும் கொதிநீரில் வேகவைப்பார்கள். ஆவியில் அவிப்பதும் உண்டு. அடிப்புறம் சிவக்கும்படி சட்டியில் எண்ணெய் விட்டுச் சுட்டால் அதற்குக் குவோதியே என்று பெயர். ‘சட்டியில் ஒட்டுவது’ என்பது அதன் நேர்ப்பொருள். பாவ்ஸி என்பது புளித்துப் பொங்கிய மாவில் செய்வது. ‘பாவ்’ என்றால் பொதிதல். அதே மாவில் உள்ளே எதுவும் வைக்காமல் அவித்தால் இன்றைய வடசீன வழக்கில் அது மான்தோவ். வடக்கே ஹுன்துன் எனப்படுவதைத் தென்சீனத்துக் காண்டனியர் ‘முகிலை விழுங்குதல்’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். அவர்கள் ஒலிப்பிலிருந்தே வான்டன் வந்தது. சாற்றில் மிதக்கும் அதன் மெல்லிய வெண்மடிப்பைப் பார்த்தவருக்கு அப்பெயரின் பொருத்தம் தனியே சொல்லாமலே விளங்கும்.

ஜியாவ்ஸி என்னும் பெயருக்குச் சீனர் பல விளக்கங்கள் சொல்வார்கள். கொம்பு, முனை என்னும் பொருளுடைய ‘ஜியாவ்’ என்னும் சொல்லோடு அதன் வடிவத்தைச் சேர்த்துச் சொல்வது ஒன்று. பழைய ஆண்டு கழிந்து புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு நாழிகைக்கு ‘ஸி’ என்று பெயர் என்பதால், கூடுதல் என்னும் பொருளுடைய இன்னொரு ‘ஜியாவ்’ சொல்லோடு அதைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் கூடும் வேளை என்று பொருள் கொள்வது மற்றொன்று. வடசீனக் குடும்பங்கள் புத்தாண்டு இரவில் கூடி உட்கார்ந்து இதைச் செய்து உண்பதற்கு அந்த விளக்கம் இசைகிறது. மூன்றாவது ஒரு மருத்துவர் கதை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிக் கீழை ஹான் அரச காலத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்னும் மருத்துவர், கடுங்குளிரில் காது வெடித்துத் துன்புற்ற ஏழை மக்களுக்கு ஆட்டிறைச்சியையும் சூடு தரும் மருந்துப் பொருள்களையும் மாவில் பொதிந்து, காதின் வடிவில் மடித்து, வேகவைத்துக் கொடுத்தார் என்பது அக்கதை. அது வழிவழியாக வரும் கதையே. ஆனால் பண்டத்தின் பழமைக்குக் கண்கூடான சான்று உண்டு: வடமேற்குச் சீனாவின் சின்ஜியாங்கில் துர்ஃபான் அருகே அஸ்தானா என்னும் இடத்துக் கல்லறைகளில், தாங் அரச காலத்தைச் (கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை) சேர்ந்த பிறைவடிவ ஜியாவ்ஸிகள் அந்த வறண்ட மண்ணில் கெடாமல் காய்ந்து கிடைத்திருக்கின்றன. இன்று தட்டில் வருவதற்கும் அவற்றுக்கும் வடிவில் வேறுபாடு காண்பது கடினம்.

மோமோ வேறு வழியாக வந்த சொல். அது திபெத்தியப் பெயர். திபெத்திய எழுத்தில் ‘மோக் மோக்’ என்பதை ஒட்டி எழுதப்படுவது. வடமேற்குச் சீன வழக்கில் ‘மோமோ’ என்றால் அவித்த ரொட்டி. இரண்டையும் தொடர்புபடுத்துவோர் உண்டு. நேபாளத்திலும் டார்ஜிலிங், சிக்கிம் பகுதிகளிலும் ஊன்றிய இவ்வுணவு, 1959-க்குப் பின் இந்தியாவுக்கு வந்த திபெத்தியர்களோடும், வேலை தேடி நகரங்களுக்கு வந்த வடகிழக்கு மாநில, நேபாள இளைஞர்களோடும் பரவியது. பெரம்பூரிலும் கொளத்தூரிலும் அலுமினிய அடுக்குப் பாத்திரத்தில் ஆவி பறக்க விற்கும் தள்ளுவண்டிகளில் இருப்பது இதுவே.

மோமோவுக்குத் தமிழ்ப்பெயர் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அது ஒரு மக்களின் குறிப்பிட்ட உணவுக்கு அவர்களே வைத்த பெயர்; பண்டத்தோடு பெயரும் வந்தது. வடசென்னைக்கு இது புதிதன்று. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவை நாம் ‘பர்மியப் பிசைந்த நூடுல்ஸ்’ என்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. கையால் பிசைந்து கலப்பது என்னும் பொருளுடைய பர்மியச் சொல் தமிழ் நாவுக்கு ஏற்ப அத்தோ ஆயிற்று. பர்மா பஜார்ப் பக்கம் அதைக் கேட்டு வாங்குகிறவர் எவருக்கும் அது அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை. மோமோவும் அவ்வாறே நிற்கலாம். ஆனால் ‘மோமோஸ்’ வேண்டாம். இறுதியில் உள்ள ‘ஸ்’ ஆங்கிலப் பன்மை. அதை அறியாமல் ‘ஒரு மோமோஸ்’ என்கிறோம், சிலர் ‘மோமோஸ்கள்’ என்று பன்மைக்கு மேல் பன்மையும் இடுகிறார்கள். ஒரு மோமோ, எட்டு மோமோ என்பது போதும்; எட்டு இட்லி என்றுதானே சொல்கிறோம்.

இனி டம்ப்ளிங் என்னும் வகைப்பெயருக்கு வருவோம். அதற்கு நேரான தமிழ் கொழுக்கட்டை. கொழுத்தல், திரளுதல் என்னும் பொருள் தரும் ‘கொழு’ முன்னே நிற்கும் இச்சொல், மாவைத் திரட்டிச் செய்யும் பண்டங்களின் பெரிய குடும்பத்துக்கே பெயர். உள்ளே எதுவும் இல்லாத பிடிக் கொழுக்கட்டை, சிறு உருண்டையாகிய அம்மணிக் கொழுக்கட்டை, பாலில் வேகும் பால் கொழுக்கட்டை, பனையோலைக்குள் அவியும் ஓலைக் கொழுக்கட்டை, பூரணம் வைத்தது, உப்பிட்டது என அது விரிகிறது. ஆங்கில டம்ப்ளிங் உள்ளீடு உள்ளதையும் இல்லாததையும் சேர்த்துக் குறிப்பதைப் போலவே கொழுக்கட்டையும் குறிக்கிறது. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் இணைச்சொற்கள் இரண்டு மொழிகளுக்கிடையே எளிதில் அமைவதில்லை.

மறுப்புகளும் உண்டு. கொழுக்கட்டை அரிசிமாவில் ஆவது, ஜியாவ்ஸி கோதுமையில் ஆவது என்பர். கேழ்வரகிலும் கோதுமையிலும் நம் வீடுகளில் கொழுக்கட்டை பிடிக்கிறோம். தானியம் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளையாருக்குப் படைக்கும் பண்டத்தின் பெயரை இறைச்சி வைத்ததற்கு இடலாமா என்ற கேள்வி இன்னும் மதிக்கத்தக்கது. ஆனால் படையலுக்கென அமைந்த பெயர் மோதகம். கொழுக்கட்டை அன்றாடச் சிற்றுண்டிக்கும் உரிய பொதுச்சொல். இறைச்சியோடு மாவுக்கட்டி சேர்வதும் தமிழ்ச் சமையலுக்குப் புறம்பன்று. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஆட்டுக்கறியோடு அரிசிமாவுக் கட்டிகளை வேகவைக்கும் தக்கடி இருக்கிறது. பழைய ஆங்கில டம்ப்ளிங்கின் நேர் உடன்பிறப்பு அது.

மோதகத்தின் பழமையைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க மனமில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இரவுக் கடைத்தெருவைக் காட்டும்போது, “கவவொடு பிடித்த வகையமை மோதகம்” விற்ற கூவியர் நள்ளிரவில் தம் இடத்திலேயே உறங்குவதைக் காட்டுகிறது. கவவு என்பது உள்ளே வைக்கும் பொருள். “கவவு அகத்திடுமே” என்று தொல்காப்பியமும் அச்சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. உள்ளீடு வைத்துப் பிடித்த பண்டத்தைத் தெருவில் விற்பதும், அந்த உள்ளீட்டுக்குத் தனிச்சொல் வைத்திருப்பதும் சங்க காலத்திலேயே நமக்குப் பழகியவை. கவவு இன்று வழக்கில் இல்லை, பூரணம் இருக்கிறது. இனிப்புக்கு மட்டுமன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், இறால் எதற்கும் பூரணம் என்றே எழுதலாம்.

உறுப்புகளுக்கும் சொல் உண்டு. உருட்டித் தேய்த்த மேல்மாவைச் சீனர் தோல் என்பர். நம் வீடுகளில் பூரணம் வைக்கக் கிண்ணம்போல் செய்யும் மேல்மாவு சொப்பு. பச்சரிசி மாவில் கோதுமையின் இழுவைத்தன்மை இல்லாததால், வெந்நீரில் கிளறிய பிறகே சொப்பு வளையும். அதனால்தான் அது சற்றுத் தடிப்பாகவும் ஜியாவ்ஸியின் தோல் மெல்லியதாகவும் இருக்கின்றன. விளிம்பு மடிப்புக்குக் கொசுவம் என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. அது அந்தப் பாட்டி கொடுத்தது. ‘ஸ்டீம்’ என்பதற்கு அவித்தது, ‘ஃப்ரை’ என்பதற்குப் பொரித்தது, குவோதியேக்குச் சட்டியில் சுட்டது.

டிம் சம் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. ‘நெஞ்சைத் தொடுவது’ என்று எழுத்துப்பொருள் கொண்ட அப்பெயர், காண்டனியர் தேநீரோடு உண்ணும் பலவகைச் சிறு பண்டங்களுக்குப் பொதுவானது. அவற்றுள் கொழுக்கட்டையும் உண்டு, அடையும் உண்டு, இனிப்பும் உண்டு. அதற்குச் சிற்றுண்டி என்பதே நேர். அந்தக் கடையின் பலகையை என்னிடம் எழுதக் கொடுத்தால், ‘சீனக் கொழுக்கட்டை, கோழிப் பூரணம், அவித்தது, எட்டு’ என்று ஒரு வரியும், ‘மோமோ, முட்டைக்கோஸ், பொரித்தது, எட்டு’ என்று அடுத்த வரியும் எழுதுவேன்.