அந்தக் காட்சி புத்தகத்தில் ஏன் இல்லை?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பத்து வயதில் சோறு தண்ணி மறந்து படித்த மாயாஜால நாவலை இப்போது திரும்பப் படித்தேன். மந்திரவாதியின் குகையில் நீல விளக்கு எரியும் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புத்தகத்தில் விளக்கே இல்லை. புதுப் பதிப்பில் வெட்டிவிட்டார்களா?"

வெட்டியிருக்கலாம். ஆனால் பழைய பதிப்பைத் தேடி அலையுமுன் உங்கள் நினைவையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுவதால் நினைவு பதிகிறது, அது நிலைக்கப் புதுப் புரதங்கள் தேவை. இதெல்லாம் பள்ளிப் பாடம்தான். ஒருமுறை நிலைத்தால் அப்புறம் அது மாறாது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள்.

2000-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். ஓர் ஒலி, கூடவே லேசான மின்னதிர்ச்சி. அதன்பின் ஒலி கேட்டாலே எலி அசையாமல் உறைந்து நிற்கும். மறுநாள் ஒலியை மட்டும் ஒருமுறை கேட்கவைத்து, உடனே மூளையில் பய நினைவுகள் பதியும் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அதற்கடுத்த நாள் ஒலி கேட்டபோது அந்தப் பயம் பெருமளவு போயிருந்தது. ஒலியைக் கேட்காமல் மருந்தை மட்டும் பெற்ற எலிகளுக்கோ பயம் அப்படியே இருந்தது!

அதே மருந்து, அதே இடம். நினைவுபடுத்தினார்களா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். அதாவது, நினைவுகூரும்போது பழைய நினைவு இளகுகிறது. மறுபடி நிலைக்க அதற்குத் திரும்பவும் புரதம் வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மருந்து கொடுத்தால் பலனில்லை. அதற்குள் நினைவு மறுபடி இறுகிவிடுகிறது. நான் படித்த சோதனைகளில் இவ்வளவு அழகாக அமைந்தவை சிலவே. எலியைப் பயமுறுத்தும் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். நம்மூரிலோ நடுமூளையைத் தூண்டி நினைவாற்றலைப் பெருக்குகிறோம் என்பவர்களிடம் பெற்றோர் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

இளகிய நேரத்தில் புதிதாக ஏதாவது ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் நண்பர்களுக்குக் கதை சொன்னபோது சேர்த்த விளக்காக இருக்கலாம், வேறு கதையின் படமாகவும் இருக்கலாம். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள் திரும்பச் சொன்னபோது அவர்களை அறியாமலே கதையை மாற்றினார்கள். மரத்தோணி வெறும் படகானது, சீல் என்ற கடல்விலங்கின் வேட்டை மீன்பிடிப்பானது.

எல்லா நினைவும் ஒவ்வொரு முறையும் இப்படி இளகுவதில்லை. பழையவை, ஆழப் பதிந்தவை எளிதில் அசையாது. எதிர்பார்த்தது ஒன்று, கண்ணெதிரே இருப்பது வேறு என்று ஆகும்போது இளக வாய்ப்பு அதிகம். நினைவிலுள்ள நாவலும் கையிலுள்ள நாவலும் முட்டிக்கொள்வது அப்படிப்பட்ட தருணம்தான்.

அதனால், இன்னொரு பழைய நாவலைத் தூசி தட்டுமுன் மனதில் இருக்கும் கதையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின் உங்கள் பழைய கதை எது, புத்தகத்தின் கதை எது என்று பிரிக்க அந்தத் தாள்தான் உதவும்.