கள்ளிப்பால் கண்ணில் பட்டால் காத்திருக்காதீர்கள்

பெங்களூரு பால்கனிகளில் இப்போது கள்ளிச் செடிகளுக்கு மவுசு அதிகம். ஒரு சாண் இடம் போதும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. நர்சரியில் ‘காக்டஸ்’ என்று சொல்லி விற்பவற்றில் பல, யூபோர்பியா பேரினத்தைச் சேர்ந்தவை. ஊரில் வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, முள்ளும் சிவப்புப் பூவுமாக இருக்கும் மிலி, கிறிஸ்துமஸுக்கு வாங்கும் பாயின்செட்டியா எல்லாம் அதில்தான் வரும். சுமார் 2,000 இனங்கள் உண்டு.

மிலியின் பூவைக் கிட்டத்தில் பாருங்கள். இதழ் என்று நினைக்கும் இரண்டு சிவப்புத் தட்டுகளும் நிறம் ஏறிய இலைகள். நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரே ஒரு பெண்பூ, சுற்றிலும் ஆண்பூக்கள். ஒவ்வொரு ஆண்பூவுக்கும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான். ஒரு குடும்பமே சேர்ந்து ஒற்றைப் பூவாக வேஷம் கட்டி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செடி இது, யாரையும் பிடுங்கி எறியச் சொல்ல மாட்டேன். கண் மருத்துவராக நான் பயப்படுவது அதன் பாலுக்கு. கிளையை ஒடித்தால் வடியும் அந்தப் பாலில் உள்ள டைடெர்பீன் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

அல்சூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, திருகுகள்ளியைக் கத்தரித்த கையோடு முகத்தைத் துடைத்திருக்கிறார். சாயங்காலம் லேசான எரிச்சல். ‘சரியாப் போயிடும்’ என்று முகம் கழுவிப் படுத்துவிட்டார். விடிந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை, பேரன் முகமே மங்கலாகத் தெரிந்தது. சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் மேல்தோல் நடுவில் உரிந்து, அந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது.

கள்ளிப்பாலின் குணமே இப்படித்தான். முதல் நாள் பெரிதாகத் தெரியாமல் இருந்துவிட்டு, மறுநாள் கருவிழி வீங்கி உரியலாம். கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம்.

பட்ட உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். லென்ஸ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு விடவே கூடாது. அதை நாங்களும் கொடுப்பதுண்டு, ஆனால் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். எரிச்சல் குறைந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். செடியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் எங்களுக்குப் பெரிய உதவி.

பாட்டிக்கு இரண்டு வாரத்தில் பார்வை திரும்பியது. நேரத்தோடு வந்தால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும். தள்ளிப்போட்டு, புண்ணில் கிருமி சேர்ந்தால் தழும்பு விழும். பார்வையே கூடப் போகலாம்.

அப்புறம், தலைக்கு மேலே இருக்கும் கிளையை அண்ணாந்து வெட்டாதீர்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். செடி வெட்ட ஆள் வருகிறார் என்றால் அவரிடமும் இதைச் சொல்லி, அவருக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.