வால்வைத் திருகினால் தண்ணீர் மிச்சமாகுமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் குழாயில் ஃபோர்ஸே இல்லை. வேண்டுமென்றே பிரஷரைக் குறைக்கிறார்களாம். மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் நான் பிடிப்பது அதே ஒரு குடம்தானே? இதில் அவர்களுக்கு என்ன மிச்சம்?"

கேள்வி நியாயமானது. குடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் தெருவுக்கு அடியில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் அணையும் ஆறும் தேசிய அரசின் பொறுப்பு. டர்பனுக்கு வேண்டிய நீரைச் சுத்திகரித்து மொத்தமாகத் தருவது உம்ங்கெனி-உதுகேலா நீர் வாரியம். அங்கிருந்து வீடு வரை கொண்டுவருவது, அரசியலமைப்பின்படி, உள்ளாட்சியின் வேலை. தேசிய நீர்த்துறை 2023-ல் வெளியிட்ட ‘நோ டிராப்’ என்ற நீர் இழப்பு அறிக்கைப்படி நாடு முழுக்கக் குழாயில் ஏற்றப்படும் நீரில் 47.4 விழுக்காட்டுக்குப் பணம் வருவதில்லை. திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் எல்லாம் இதில் சேர்த்திதான் என்றாலும் பெரும் பங்கு கசிவு. டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சி 2014-ல் ஸ்டாக்ஹோமில் நீர் மேலாண்மைக்காக விருது வாங்கியது. இன்று அதன் நீரிலும் பாதிக்கு மேல் வருவாய் இல்லாமல் போகிறது.

சரி, கசிவுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டை வழியே பீறிடும் நீரின் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி அழுத்தத்தைப் பாதியாக்கினால் கசிவு 29 விழுக்காடுதான் குறையும். மோசமில்லை, ஆனால் ஊர் முழுக்க வால்வு பொருத்தும் செலவை நியாயப்படுத்தப் போதுமா என்பது சந்தேகம். ஆனால் களத்தில் அளந்தவர்களுக்குக் கணக்கு உதைத்தது. அழுத்தம் பாதியானால் கசிவும் பாதியானது, சில இடங்களில் அதைவிடவும் குறைந்தது. பாடப்புத்தகம் பொய் சொல்லாது, அப்படியானால் எங்கே பிசகு?

ஓட்டையின் அளவு மாறாது என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் பிசகு. பிரிட்டிஷ் பொறியாளர் ஜான் மே 1994-ல் இதை எடுத்துச் சொன்னார். குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது குழாயின் சுவர் சுற்றுவாக்கில் இழுபடுகிறது, இந்த இழுப்பு நீளவாக்கில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நீளவாக்கில் ஒரு விரிசல் இருந்தால் அது வாய் பிளக்கும். கல்யாணப் பந்தியில் ஒரு கட்டு கட்டிவிட்டு எழும்போது சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி திறந்துகொள்ளுமே, அதே கதை. ஆக, பிரஷர் ஏறினால் நீரின் வேகமும் கூடும், அது வெளியேறும் வாயும் அகலும். இரண்டும் பெருக்கிக்கொள்ளும்.

இதைச் சோதனைச் சாலையில் அழகாகக் காட்டியவர்கள் நம் நாட்டுக்காரர்களே. கோபஸ் வான் சைலும் கிரேவன்ஸ்டைனும், பழுதாகித் தோண்டி எடுத்த குழாய்களைச் சோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வட்டமான ஓட்டை பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது. குறுக்குவாட்டு விரிசலும் ஏறக்குறைய அப்படித்தான். பிளாஸ்டிக் குழாயில் நீளவாட்டு விரிசல் என்றபோது, அழுத்தத்தின் அடுக்கு 0.5-லிருந்து (வர்க்கமூலம் என்பது அதுதான்) 1.4, 1.8 என்று தாவியது. அதற்கு மேல் வந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது: துருப்பிடித்த எஃகு. எஃகு விறைப்பானது, அதில் விரிசல் எப்படி விரியும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் துரு தின்ற இடத்தில் ஓட்டையைச் சுற்றியுள்ள சுவரும் காகிதமாய் மெலிந்து, அழுத்தத்துக்கு நெகிழ்ந்து கொடுக்கிறது. அடுக்கு 2.3 வரை போனது! அப்படிப்பட்ட குழாயில் அழுத்தத்தைப் பாதியாக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் கசியும்.

இனி ராத்திரி ஏன் என்று பார்ப்போம். பகலில் எல்லோரும் குழாயைத் திறக்கும்போது நீர் வேகமாக ஓடி, உராய்விலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி கரைந்துவிடும். ஊர் உறங்கியபின் ஓட்டம் நின்று, மேட்டில் இருக்கும் தொட்டியின் முழு உயரமும் பள்ளத்துக் குழாயின் மேல் உட்காரும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார், அதாவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். சாட்ஸ்வர்த் போன்ற மேடும் பள்ளமுமான ஊரில் இது சாதாரண விஷயமில்லை. யாரும் நீர் பிடிக்காத நேரத்தில் கசிவு உச்சத்தில் இருக்கும். அதனால்தான் பொறியாளர்கள் விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் ஓடும் நீரை அளக்கிறார்கள். அந்த நேரத்தில் ஓடுவதில் பெரும்பாலானது கசிவே.

கேப் டவுனின் காயெலிட்ஷாவில் 2001-ல் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். அங்கே இரவில் ஓடிய நீர், இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை நிரப்பும். எட்டு பார் அழுத்தம் தாங்காமல் வீடுகளுக்குள்ளேயே மலிவான கழிவறைத் தொட்டிகளும் குழாய்களும் ஒழுகிக்கொண்டிருந்தன. அந்தப் பகுதிக்குள் நீர் நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைப் பொருத்தியதும் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கிலோலிட்டர் மிச்சமானது. இந்த வால்வு நீரின் சொந்த அழுத்தத்தாலேயே திறந்து மூடும், கரன்ட் போனாலும் நிற்காது. ஊர்க் குழாய்களை மூடவேண்டி வரும் நாளான ‘டே ஜீரோ’ பயமுறுத்திய 2018-லும் அந்த நகரம் இதே உத்தியை ஊர் முழுக்க விரித்தது. அந்த நாட்களில் குச்சியும் கையுமாக நீரோட்டம் பார்ப்பவர்களை நம்பிப் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். ஒரு கோலின் நுனியில் காதை வைத்துக் கசிவின் ஓசையைக் கேட்கும் நகராட்சி ஊழியருக்கு அதில் கால்வாசி மரியாதை கிடைத்தால் தேவலை.

என் வருத்தம் வேறு. புதிய அணைக்கு அமைச்சர் வந்து நாடா வெட்டுவார், வால்வுக்கு யாரும் வரமாட்டார்கள். எம்ஃபுலேனி நகராட்சியின் செபோக்கெங்கில் 2005-ல் காயெலிட்ஷாவுக்கு ஈடான திட்டம் வந்து, செலவைச் சீக்கிரமே மீட்டது. பிறகு அதே நகராட்சி, கழிவுநீரை வால் ஆற்றில் விட்டதற்காக 2021-ல் மனித உரிமை ஆணையத்தின் அறிக்கையில் இடம்பிடித்தது. வால்வு வாங்கப் பணம் ஒரு முறை போதும், அதைக் கழற்றித் துடைக்க ஆள் வருடா வருடம் வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள், அக்கா. அழுத்தத்தைக் குறைப்பது வேறு, அடியோடு மூடுவது வேறு. மூடினால் குழாய் வெறுமையாகி, விரிசல் வழியே வெளிச் சேறு உள்ளே வரும், திரும்பத் திறக்கும்போது அடைபட்ட காற்றும் நீரும் மோதிப் புதிதாகக் குழாய் உடையும். உங்கள் குழாயில் நள்ளிரவில் மெலிந்தாவது வருகிறதா, இல்லை, காற்றுதான் சீறுகிறதா? காற்று என்றால் வார்டு கவுன்சிலரிடம் போய், நம் பகுதியின் இரவு ஓட்டம் எவ்வளவு, அதை மாதாமாதம் அளப்பவர் யார் என்று கேளுங்கள்.