காப்பில் ஒட்டிய ஊக்கு

சென்ற மாதம் மனநலக் கிளினிக் நாளில், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வரும் அக்கா ஒருவர் கையை நீட்டினார். மணிக்கட்டில் செம்பு நிறக் காப்பு. தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அதன் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"நீங்கள் சொன்ன காந்தம்தான், டொக்டர் அம்மா. டவுனில் வாங்கினேன்."

மாத்திரை அட்டையைக் கேட்டேன். முந்தைய கிளினிக்கில் கொடுத்ததில் பாதி அப்படியே இருந்தது.

இதில் என் பங்கும் உண்டு. மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு வேறு வழி என்ன என்று அவருடைய மகள் கேட்டபோது, வெளியே வரிசை நீண்டிருந்த அவசரத்தில், "காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது காந்தம் என்ற சொல் மட்டும்.

இம்முறை உட்காரவைத்துப் பேசினேன். நீர்மின் நிலையங்கள் இருக்கும் லக்சபானவும் நோட்டன் பிரிட்ஜும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்கள். தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றுகிறது, அதோடு காந்தமும் சுற்றுகிறது, சுற்றியுள்ள செம்புக் கம்பியில் கரண்ட் பிறக்கிறது. சக்கரம் நின்றால்?

"லைட் போய்விடும்" என்றாள் மகள்.

1831இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே கண்டதும் இதைத்தான். காந்தப்புலம் மாறிக்கொண்டிருந்தால்தான் மின்சாரம். காப்பிலுள்ள காந்தம் நின்றுபோன சக்கரம். ஊக்கைப் பிடிக்கும், மூளையைத் தூண்டாது.

சிகிச்சைக் கருவியில் இருப்பது கம்பிச்சுருள். பெரும்பாலும் எட்டு வடிவில் சுற்றியிருக்கும். அதைத் தலையோடு ஒட்டிப் பிடிப்பார்கள். ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் பெரும் மின்சாரம் அதில் பாய்ந்து ஓய்கிறது. அப்போது எழும் காந்தப்புலம் ஒன்றரை, இரண்டு டெஸ்லா (காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு) வரை போகும். மண்டையோடு அதற்குத் தடையே இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், மூளையின் மேற்பட்டையில் சின்னஞ்சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அன்டனி பார்க்கர் என்ற மருத்துவப் பொறியாளர், கை கால் நரம்புகளில் பல ஆண்டுகள் முயன்றுவிட்டு, 1985இல் தன் குழுவினருடன் இந்தச் சுருளைத் தலைக்குக் கொண்டுவந்தார். 1980இலேயே மெர்ட்டன், மோர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தலைமேல் மின்முனைகளை வைத்து மூளையைத் தூண்டிக் காட்டியிருந்தார்கள். ஆனால் அது வலித்தது. பார்க்கரின் சுருளில் அந்த வலி இல்லை. கையை ஆளும் பகுதிக்கு மேலே வைத்தால் எதிர்ப்பக்கக் கைவிரல் தானாகத் துள்ளியது. இன்றும் பெருவிரல் துள்ளும் அளவைப் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் வலுவை நிர்ணயிக்கிறார்கள். நரம்புப் பாதைகளைச் சோதிக்கும் கருவியாகத் தொடங்கியதை, மனச்சோர்வுச் சிகிச்சைக்கு மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது 2008இல்.

"கரண்டு வைப்பதா?" என்று அக்கா பின்வாங்கினார். மின்னதிர்ச்சி சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எல்லோரும் கேட்பதுதான். இது அதுவல்ல. மயக்க மருந்து கிடையாது, வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்குவதில்லை, முடிந்ததும் எழுந்து நடந்து போகலாம். (கரண்டு வைப்பதும் இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யும், உயிர் காக்கும் சிகிச்சை. படங்களில் காட்டுவதை நம்பவேண்டாம்.) சுருளின் சத்தத்துக்குக் காதடைப்பான் வைப்பார்கள். உச்சந்தலையில் விரலால் சுண்டுவது போலிருக்கும். சிலருக்குத் தலைவலி வரும். அரிதாக வலிப்பு வருவதுண்டு. அதனால் வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், காதுக்குள் பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கிளினிக்கில் அந்தக் கருவி இல்லை. இருந்தாலும் வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் வரவேண்டும். ஒரு தடவைக்கு மூன்றே நிமிடத்தில் முடியும் முறையும் வந்துவிட்டது. ஆனால் மலையிறங்கி ஏறும் பஸ் மூன்று நிமிடத்தில் முடியாதே.

"ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் பேர் விழாவிட்டால் மனச்சோர்வு தானாக வரும், டொக்டர் அம்மா" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மாத்திரை பலிக்கவில்லை என்று சொல்ல, முழு அளவில் சில வாரங்களாவது விடாமல் சாப்பிட்டிருக்க வேண்டும். அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டிருக்கிறார். ஆக, முதல் வழியையே நாங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இரவு அடுப்பை அணைத்ததும் மாத்திரை என்று மகளிடம் ஒப்படைத்தேன்.

காப்பைக் கழற்றச் சொல்லவில்லை. ஊக்கைப் பிடுங்கித் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, அடுத்த கிளினிக் துண்டை வாங்கிப் பைக்குள் வைத்தார்.