இரண்டு கிரவுலர், ஒரே எஃகு: ஒன்றில் மட்டும் பியர் ஏன் சில்லென்று இருக்கிறது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்போரோவில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவரும் நண்பரும் ஒரு சனிக்கிழமை மதியம் ஆளுக்கொரு எஃகு கிரவுலரில் பியர் பிடித்துக்கொண்டு மவுண்ட் ஹூட் மலைப் பக்கம் கூடாரம் போடப் போயிருக்கிறார்கள். மறுநாள் மதியம் திறந்தால் இவருடைய பியர் 9 டிகிரி, நண்பருடையது 18 டிகிரி. (இறைச்சி வேகும்போது குத்திப் பார்க்கும் வெப்பமானியைப் பியரில் விட்டு அளந்தாராம். இப்படிப்பட்ட வாசகர்களை எனக்குப் பிடிக்கும்.) இரண்டும் ஒரே அளவு, இரண்டும் துருப்பிடிக்காத எஃகு, இரண்டிலும் இரட்டைச் சுவர் என்றே எழுதியிருக்கிறது. விலையில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். "பிராண்டுக்குக் கொடுத்த காசா, இல்லை உள்ளே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

உள்ளே ஏதாவது இருப்பதுதான் நண்பருடைய கிரவுலரின் கோளாறு. விலை உயர்ந்ததில் ஒன்றும் இல்லை.

கிரவுலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: மதுக்கூடத்தின் குழாயிலிருந்து பியரை நேரடியாகப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் கூஜா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் அது மூடி போட்ட தகரத் தூக்குவாளி. அப்பாவுக்காகப் பிள்ளைகளே போய் வாங்கி வருவதும் உண்டு. 1989-இல் வயோமிங் மாநிலத்தின் ஆட்டோ பிரதர்ஸ் என்ற சிறிய ப்ரூவரி, அரை காலன் கண்ணாடிக் குடுவையாக அதை மறுபடி கொண்டுவந்தது. இன்றும் அதே அளவுதான்: 64 அவுன்ஸ், சுமார் 1.9 லிட்டர். எஃகு கிரவுலர்கள் அதற்குப் பின்னால் வந்தவை.

முதலில் கண்ணாடியைப் பார்த்துவிடலாம். அமெரிக்க மதுக்கூடங்களில் பியர் பெரும்பாலும் 3 டிகிரி செல்சியஸ் வாக்கில் குழாயிலிருந்து வரும். வெளியே 25 டிகிரி என்றால் 22 டிகிரி வித்தியாசம். கண்ணாடிக் குடுவையின் மேற்பரப்பு வழியாக நொடிக்குச் சுமார் 20 ஜூல் வெப்பம் உள்ளே போகும், அதாவது 20 வாட். 1.9 லிட்டர் பியரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 8,000 ஜூல் போதும். கணக்குப் போட்டால் முதல் மணி நேரத்திலேயே ஏழு டிகிரி ஏறிவிடும். இதில் குடுவை வியர்ப்பதைச் சேர்க்கவில்லை. நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறது. குடுவைக்கு வியர்த்தால் அது சூடாகிறது. காற்றிலுள்ள ஒரு கிராம் நீராவி குடுவையின் மேல் நீராகப் படியும்போது ஏறக்குறைய 2,450 ஜூலை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. இருபத்தைந்து கிராம் வியர்வை, அதாவது மேசையில் தேங்கும் அந்தச் சின்னக் குட்டை, பியரை ஏழெட்டு டிகிரி ஏற்றப் போதுமானது.

நல்ல எஃகு கிரவுலரில் அந்த 20 வாட் ஏறக்குறைய ஒரு வாட்டாகக் குறைகிறது. இரவு விளக்காக எரியும் சின்ன எல்.இ.டி. அளவு வெப்பம்தான் உள்ளே கசிகிறது. மணிக்கு அரை டிகிரி. இதெல்லாம் நான் காகிதத்தில் போட்ட தோராயக் கணக்கு; ஆனால் மலையில் இரவுக் குளிரையும் சேர்த்துப் பார்த்தால் வாசகரின் 9 டிகிரி இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழியில் போகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் காற்றை எடுத்துவிட்டால் முதல் இரண்டும் நின்றுவிடும் என்றும் படித்திருப்போம். சரி. எவ்வளவு காற்றை எடுக்க வேண்டும்? பாதியை எடுத்தால் கசிவும் பாதியாகுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை எடுத்துவிட்டால்?

ஒரு பிரயோஜனமும் இல்லை. கிட்டத்தட்ட அதே வெப்பம் கசியும்.

இதை முதன்முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஒரு வாயு எவ்வளவு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது அதன் அழுத்தத்தைப் பொறுத்ததே இல்லை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1860-இல் வாயுக்களின் மூலக்கூறுக் கொள்கையைக் கொண்டு போட்ட கணக்கிலிருந்து வருவது இது. வாயுவின் பாகுநிலையும் (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தக் கணக்கு சொன்னது. அவருக்கே அது விசித்திரமாகத்தான் பட்டது. அதனால் லண்டன் கென்சிங்டனில் இருந்த தன் வீட்டு மாடி அறையில், மனைவி கேத்தரினைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வெவ்வேறு அழுத்தங்களில் பாகுநிலையை அளந்து பார்த்தார். கணக்கு சொன்னபடியே இருந்தது. வெப்பக் கடத்தலை 1870-களில் வியன்னாவில் ஜோசப் ஸ்டெஃபான் அளந்தார். அதுவும் சரியாக இருந்தது.

ஏன் இப்படி? நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்படிக்கட்டில் தொற்றியிருப்பவர் முன்னால் நிற்கும் கண்டக்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். "டிக்கெட் ஒண்ணு பாஸ் பண்ணுங்க" என்றதும் காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகிறது. நெரிசலில் ஒவ்வொருவரும் காசை நகர்த்துவது அரை அடிதான். ஆனால் கைகள் ஏராளம். இப்போது பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். கைகள் பாதியாகிவிட்டன, ஆனால் ஒவ்வொருவருக்கும் நகர இடம் கிடைத்துவிட்டது. அடுத்த ஆளிடம் கொடுப்பதற்கு முன் ஒரு அடி நடக்கிறார்கள். ஆள் பாதி, தூரம் இரட்டிப்பு. கண்டக்டரிடம் போய்ச் சேரும் காசு மாறவில்லை. இன்னும் பாதிப் பேர் இறங்கினாலும் அதே கதைதான்.

காற்று மூலக்கூறுகளுக்கும் இதுவே பொருந்தும். (கண்டக்டர் எந்தப் பக்கம் என்று மூலக்கூறுகளுக்குத் தெரியாது, எல்லாத் திசையிலும் அலையும். ஆனாலும் கணக்கு இப்படியேதான் வருகிறது.) சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் இடிக்கும் முன் போகும் சராசரி தூரம் சுமார் 68 நானோமீட்டர். கிரவுலரின் சுவர்களுக்கு நடுவே இடைவெளி மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது இந்தத் தூரத்தைப் போல நாற்பத்து நாலாயிரம் மடங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றை மட்டும் மிச்சம் வைத்தாலும் மூலக்கூறு போகும் தூரம் 0.07 மில்லிமீட்டர்தான் ஆகிறது. பஸ் இன்னும் காலியாகவில்லை.

பஸ்ஸில் நாலே பேர் மிஞ்சும்போதுதான் ஆட்டம் மாறுகிறது. யார் மேலும் இடிக்காமல் பின்னாலிருந்து முன்னால்வரை ஒரே நடையாக நடந்துவிடுகிறார்கள். இனி ஆளைக் குறைத்தால் தூரம் கூடாது. பஸ்ஸின் நீளமே அவ்வளவுதான். இப்போது நாலு பேரில் இரண்டு பேர் இறங்கினால் போய்ச் சேரும் காசும் பாதி. கிரவுலரில் இந்தத் திருப்பம் வருவது காற்று ஏறக்குறைய நாற்பத்து நாலாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு. அதுவரை செய்த உழைப்பு முழுக்க வீண். அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு துளிக் காற்றுக்கும் பலன் உண்டு. அதனால்தான் நல்ல பாட்டில்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று போகிறார்கள். அரைகுறை வெற்றிடம் என்று ஒன்றை விற்கவே முடியாது. நண்பருடைய கிரவுலரில் வெறும் காற்று இருந்தாலும், ஊசி முனை அளவு ஓட்டை வழியாக நூற்றில் ஒரு பங்கு காற்று நுழைந்திருந்தாலும், அவருடைய பியருக்கு இரண்டும் ஒன்றே.

இந்த வெற்றிடப் பாத்திரத்தை முதலில் செய்தவர் ஜேம்ஸ் டூவர், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், 1892-இல். அவருக்குப் பியரும் காப்பியும் பொருட்டில்லை. திரவமாக்கிய ஆக்சிஜன் கண் முன்னால் கொதித்து மறைந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குடுவையின் உதவியால் 1898-இல் ஹைட்ரஜனையே திரவமாக்கினார். காப்புரிமை வாங்க நினைக்கவில்லை. பெர்லினில் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழிலாளி 1903-இல் வாங்கினார், அடுத்த வருடமே தெர்மாஸ் கம்பெனி பிறந்தது. மேக்ஸ்வெல் மாடி அறையில் செய்த சோதனைக்கும் டூவரின் திரவ ஆக்சிஜனுக்கும் இன்றைய நிதிக் குழு ஒன்றில் போய்ப் பணம் கேட்டால், "இதனால் சமூகத்துக்கு என்ன பயன், மூன்று வருடத்தில் என்ன பொருள் கையில் கிடைக்கும்" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். டூவர் அந்தக் கட்டத்தில் "பியர்" என்று எழுதியிருக்க மாட்டார்.

எஃகுக்கு மாற்றியவர் வில்லியம் ஸ்டான்லி, 1913-இல். மாறுதிசை மின்சாரத்துக்கான டிரான்ஸ்ஃபார்மரை நடைமுறைக்குக் கொண்டுவந்த அதே ஸ்டான்லிதான். எஃகு நல்ல தேர்வு என்பதற்குக் காரணம், கீழே விழுந்தால் உடையாது என்பது மட்டுமில்லை. வெற்றிடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், உள்சுவரும் வெளிச்சுவரும் ஒரு இடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும்: கழுத்தில். அந்த உலோகம் வழியாக வெப்பம் இறங்கும். உலோகங்களில் துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். அலுமினியத்தின் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதையும் அரை மில்லிமீட்டருக்குக் குறைவான தகடாக இழைத்துவிட்டால் கழுத்து வழிக் கசிவு கட்டுக்குள் வந்துவிடும். அத்தனை மெல்லிய வெளிச்சுவரை வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ வீதம், மொத்தத்தில் ஒரு டன் கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. உருளை வடிவம்தான் அதைத் தாங்குகிறது.

ஆனால் எஃகுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனக்குள் கரைந்திருக்கும் ஹைட்ரஜனை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டையே இல்லாமல் உள்ளிருந்தே வெற்றிடம் கெடும். இதற்கு மருந்தாக, இடைவெளிக்குள் கெட்டர் என்ற சின்ன வில்லை ஒன்றை வைத்து மூடுவார்கள். தப்பி வரும் வாயுவை அது பிடித்து விழுங்கிவிடும். வால்வு ரேடியோ பார்த்து வளர்ந்தவர்களுக்கு வால்வின் உள்ளே கண்ணாடி போல மின்னும் வெள்ளித் திட்டு நினைவிருக்கும். அதுவும் கெட்டர்தான்.

மிச்சமிருப்பது கதிர்வீச்சு. பளபளப்பான உலோகம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். சில பாட்டில்களில் உள்சுவரின் வெளிமுகத்துக்குச் செம்பு பூசுகிறார்கள், ஏனென்றால் செம்பு எஃகைவிடக் குறைவாகவே வெப்பக் கதிர்களை வாங்கும், விடும். எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் என் சித்தப்பா இதைப் படித்துவிட்டு, "செம்புப் பாத்திரத் தண்ணீரின் நன்மை இனி பிளாஸ்க்கிலும்" என்று போட்டார். அந்தச் செம்பு இருப்பது வெற்றிடத்துக்குள், சித்தப்பா. தண்ணீர் அதைத் தொடவே தொடாது. சொன்னேன், கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

இனி மூடி. பிளாஸ்டிக் மூடியில் வெற்றிடம் இருக்காது. நல்ல பாட்டிலில் கழுத்தும் மூடியும்தான் பெரிய ஓட்டைகள். அப்புறம், பாதி குடித்துவிட்டு மூடி வைத்தால் மிச்சம் சீக்கிரம் சூடாகும்: உள்ளே வரும் வெப்பம் கிட்டத்தட்ட அதே, வாங்கிக்கொள்ளும் பியர் பாதி. திறக்கும்போதெல்லாம் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் போகும், சூடாக ஆக அது பியருக்குள் தங்கவும் மறுக்கும். பியர் பிடிப்பதற்கு முன் கிரவுலரைக் குளிர வைத்தால் ஏறக்குறைய அரை டிகிரி மிச்சம், நுரையும் குறைவு. இளஞ்சூடான பியரை அதில் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைப்பது மட்டும் வேண்டாம். ஃபிரிட்ஜின் குளிரிடமிருந்தும் அது பியரை அதே விசுவாசத்தோடு காப்பாற்றும்.

பெட்டிகளில் "பனிக்கட்டியோடு இத்தனை நாள்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகவே 3,34,000 ஜூல் வேண்டும். ஒரு வாட் கசிவில் அதற்குக் கிட்டத்தட்ட நாலு நாள் பிடிக்கும். அது பனிக்கட்டியின் பெருமை. பியரில் பனிக்கட்டி போடுபவர்கள் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள்.

வாசகருக்கு எழுதிய பதிலில் ஒரு சோதனை சொல்லியிருந்தேன். நண்பருடைய கிரவுலரில் கொதிநீரை ஊற்றி, மூடாமல் ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தருகே சுட்டால் பரவாயில்லை. நடுவில் சுட்டால் வெற்றிடம் இல்லை. தொட்டுப் பார்த்தாராம், சுட்டதாம். சரிசெய்ய முடியுமா என்று இப்போது கேட்கிறார். வெற்றிட உலை ஒன்று வேண்டும், புதிய கெட்டர் வில்லை வேண்டும், அடியில் இருக்கும் சின்னப் பொட்டுக்குக் கீழே, காற்றை வெளியே எடுத்த துளையை மறுபடி அடைக்க வேண்டும். முடியாது. என்னிடமும் இப்படி ஒன்று செத்துப்போனது இருக்கிறது, கைதவறி அடிப்பக்கம் நசுங்கியதிலிருந்து. அதில் இப்போது வெந்தயம் கொட்டி வைத்திருக்கிறோம்.